பாடம் சத்தமாக ஓடிய வீடு

கொட்டாஞ்சேனை
02.11.2020

அன்புள்ள பைறோஸா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். நீங்களும் அர்ஷாத் மச்சானும் என் மகள் ஷிம்னாவும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

நான் பேனா பிடித்துக் கடிதம் எழுதுவதைப் பார்த்துச் சிரிக்காதீங்க. வேறு வழியில்லை. வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் ஷிம்னாவிடம். ஓ.எல். பரீட்சை வருகிறது, போன் இல்லாமல் அவளுக்கு வகுப்பே இல்லை. பெரியும்மா வீட்டில் ரெண்டு நாள் நின்றுவிட்டு வரட்டும் என்று வெள்ளவத்தைக்கு அனுப்பினேன். அதற்குள் கொரோனா என்று கொட்டாஞ்சேனையைப் பூட்டிவிட்டார்கள். இவருடைய பட்டன் போன் இவரோடு துறைமுகத்துக்குள். வேலைக்காரர்களை வெளியே விடாமல் உள்ளேயே தங்கவைத்திருக்கிறார்களாம். பக்கத்து வீட்டு ஐறீன் அக்கா தன் போனைத் தருவா. ஆனால் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளை உங்களுக்குத் தெரியும்தானே, ரெண்டு வீட்டுக்கு ஒரு சுவர். இங்கே நான் ஸலாம் சொன்னால் கடைசி வீட்டில் பதில் சொல்வார்கள்.

உங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் தங்கையா அண்ணன் பாஸ் எடுத்து இங்கே மரக்கறி லொறி கொண்டு வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுக்கிறேன்.

ஷிம்னா இல்லாவிட்டாலும், பிள்ளைகளுக்காக அரசாங்கம் ரீவியில் போடும் பாடத்தை நாங்கள் விடுவதில்லை. வாப்பாதான் பார்க்கிறார். வரலாறு சேர் ஏதாவது சொன்னால், "அது பிழை, நான் அந்த நேரம் புறக்கோட்டையில நிண்டவன்" என்று ரீவியோடு சண்டை பிடிக்கிறார்.

ஷிம்னா ராத்திரியில் தலைமுடி காயாமல் படுக்கப் பார்ப்பாள். விடாதீங்க.

உங்கள் தங்கை,
மஸாஹிரா

மகள் பைறோஸாவுக்கு ஸலாம். பேத்தியிடம் சொல்லு, கணக்கை விட வேண்டாம். — வாப்பா


வெள்ளவத்தை
10.11.2020

அன்புத் தங்கை மஸாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் மூன்று பேரும் நலம். உன் கடிதத்தைவிட வாப்பாவின் ஒரு வரியைத்தான் அதிக தடவை வாசித்தேன், கோபிக்காதே.

ஷிம்னா பல்கனி மூலையில் இருந்து படிக்கிறாள். அங்கேதான் சிக்னல் வரும். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலேயே அவளும் படிப்பதால், ஒரே வீட்டில் டீச்சர் உள்ளறையிலும் பிள்ளை பல்கனியிலுமாக வகுப்பு நடக்கிறது. ஆனால் அவளுடைய வகுப்பில் பாதிப் பேர்கூட வருவதில்லை. முகத்துவாரப் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவர் முகத்தைக்கூடப் போனில் காணவில்லை. பெயர் கூப்பிட்டுவிட்டு நான் சும்மா காத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடங்களைத் திறக்க ஆயத்தம் செய்யச் சொல்லி அமைச்சிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. புத்தகமும் கருவியும் வாங்க வைத்திருந்த நிதியில் கைகழுவும் தொட்டி கட்டலாமாம். நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி, கிருமிநாசினி, முகக்கவசம் எல்லாம் பெட்டி பெட்டியாக வருகிறது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் நோயாளர் அறை ஒன்று வேண்டும். எங்கள் அதிபர் சிவக்கொழுந்து மிஸ் அதற்கு என்னைத்தான் பொறுப்பாகப் போட்டிருக்கிறா. காய்ச்சலோடு வரும் பிள்ளையை அங்கே இருத்தி, உடனே பீஎச்ஐக்கு, அதுதான் சுகாதாரப் பரிசோதகருக்கு, அறிவிக்க வேண்டும். அதுதான் என் வேலை. நடன அறையைத் துப்புரவாக்கி ஒரு கட்டில் போட்டோம். வெறும் கட்டில்தான். ஆனால் போகும்போது அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போகிறேன்.

கொரோனாவில் மௌத்தானவர்களின் மையத்துகளை அடக்க விடாமல் எரிக்கிற செய்தி வந்தால் உன் மச்சான் ரீவியை நிறுத்திவிடுகிறார். நீயும் பார்க்காதே. வாப்பாவையும் பார்க்க விடாதே.

வாசலுக்குக்கூடப் போகாமல் இருங்கள்.

உன் ராத்தா,
பைறோஸா


கொட்டாஞ்சேனை
21.11.2020

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் துஆ.

பிந்தி எழுதுகிறேன். நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் பின் ஒழுங்கையில் ஸஹாப்தீன் நானாவின் உம்மா வீட்டிலேயே மௌத்தாகிவிட்டா. வயசுதான், நோய் ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டில் மௌத்தானாலும் இப்போது பீசீஆர் எடுக்க வேண்டுமாம். எடுத்தார்கள். இருக்கு என்று வந்தது. அதற்குப் பிறகு வீட்டார் கண்ணிலேயே மையத்தைக் காட்டவில்லை. குளிப்பாட்டவும் இல்லை, கபன் துணியும் இல்லை. கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோய்ப் பெட்டியோடு எரித்துவிட்டார்கள். ஸஹாப்தீன் நானா வாசலில் நின்றுகொண்டு வருகிற போகிற எல்லாரிடமும், "சாம்பல வந்து எடு எண்டு செல்றாங்க, நான் என்னத்த எடுக்கிற?" என்று கேட்டார்.

அவருடைய வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. இப்போது இங்கே ஒருவரும் தும்முவதில்லை ராத்தா. தும்மல் வந்தால் தலையணைக்குள் முகத்தை வைக்கிறார்கள்.

ஷிம்னாவிடம் இதையெல்லாம் சொல்லாதீங்க. வாப்பா ஸலாம் சொன்னார்.

மஸாஹிரா


வெள்ளவத்தை
24.11.2020

அன்பு மஸாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கே சுகம். அங்கே சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

வாப்பா ஸலாம் சொன்னார் என்று நீ எழுதியிருக்கிறாய். ஏன் அவர் எழுதவில்லை? நான் படிக்கப் போன காலத்திலிருந்து, யார் எனக்கு எழுதினாலும் கடைசியில் தன் கையால் ஒரு வரி போடாமல் அவர் உறை ஒட்ட விட்டதில்லை.

இன்னொன்று. நேற்றுத் தங்கையாவிடம் உருளைக்கிழங்கு வாங்கப் போனேன். அந்த மனிதர் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னார்: "உங்க தங்கச்சி வீட்ட எந்நேரமும் ரீவியில பாடம் நடக்குது டீச்சர். சந்தி வரைக்கும் கேக்குது. பிள்ளை இஞ்ச நிக்குது, அங்க ஆருக்குப் பாடம்?" கொத்தமல்லியும் இஞ்சியும் வழக்கத்தைவிட அதிகம் வாங்குகிறாய் என்றும் சொன்னார்.

நான் சிரித்துவிட்டு வந்தேன்.

பாடத்தை ஏன் அவ்வளவு சத்தமாகப் போடுகிறாய், மஸா? எந்தச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது?

உடனே எழுது. தங்கையா நாளை வருவார்.

ராத்தா


கொட்டாஞ்சேனை
27.11.2020

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். வாசித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். ஷிம்னா கையில் படக்கூடாது.

வாப்பாவுக்குக் காய்ச்சல். முதலில் தொண்டை நோவு, அடுத்து இருமல். இப்போது பேசினால் இளைக்கிறது. அலுமாரியைத் திருப்பிவைத்து, பின்னால் பாய் விரித்து, சீலை ஒன்றைத் தொங்கவிட்டு அவரை அங்கே வைத்திருக்கிறேன். இருமல் தொடங்கினால் ரீவியைக் கூட்டுகிறேன். விஞ்ஞானமோ சைவசமயமோ எது ஓடினாலும் சரி. பீஎச்ஐ மாத்தயா வீடு வீடாக வந்தார். "வீட்டில் பெரியவர் இருந்தாரே?" என்று சிங்களத்தில் கேட்டார். பூட்டுவதற்கு முதலே கல்கிசைக்கு எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றேன். என் வாய் எப்படி அவ்வளவு நேராகப் பொய் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. சீலைக்குப் பின்னால் வாப்பா துவாயை வாயில் அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் போன பிறகு பார்த்தேன், கண்ணெல்லாம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

நான் என் இஷ்டத்துக்கு ஒளிக்கவில்லை ராத்தா. அவர்தான் கையைப் பிடித்துக் கேட்டார். "என்னய அனுப்ப வாணாம் மகள். உங்கட உம்மாக்குப் பக்கத்தில குப்பியாவத்தை மையவாடியில இடம் ஈக்குது. நெருப்பில போட உட்டுறாத."

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் என்ன செய்வேன்? நீங்கள் மூத்தவர். சொல்லுங்கள்.

ஐறீன் அக்காவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நேற்று வாசலில் ஒரு சூப்புக் கோப்பையை வைத்துவிட்டுப் போனா.

மஸா


வெள்ளவத்தை
28.11.2020

மஸா,

தங்கையா லொறியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நிற்கிறார், ஸலாத்தோடு நிறுத்துகிறேன்.

மரக்கறிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. விரலில் மாட்டும் கருவி. இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் என்று காட்டும். எங்கள் பள்ளிக்கூட நோயாளர் அறைக்கு வந்தது. பிள்ளைகளுக்கு என்று தந்ததை நான் கேட்காமல் எடுத்திருக்கிறேன். அதை அதிபரிடம் நானே பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

வாப்பாவின் விரலில் மாட்டு. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் வீட்டில் பார்க்கலாம். தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே போனால் யாரிடமும் கேட்காமல் அம்புலன்ஸுக்குப் போன் அடி. வாப்பாவிடமும் கேட்காதே, என்னிடமும் கேட்காதே.

எனக்கும் அதே பயம்தான். ஆனால் மண்ணைப் பற்றிப் பயந்துகொண்டு மூச்சை விட்டுவிட முடியுமா? அவர் பிழைத்தால் நெருப்புப் பேச்சே இல்லையே. பிழைக்க வைக்கிறவர்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள். நம்முடைய அலுமாரிக்குப் பின்னால் இல்லை.

உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

ராத்தா


09.12.2020

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கும் இருக்கு என்று வந்தது. மணமும் ருசியும் இல்லை. மற்றப்படி சுகம்.

இது எந்த ஊர் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. இரவோடு இரவாக பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். ஒரு பெரிய சிங்களப் பள்ளிக்கூடத்தைச் சிகிச்சை நிலையமாக்கியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பறையில் எட்டுப் பெண்கள். கரும்பலகையில் யாரோ ஒரு டீச்சர் எழுதிய பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறது. கடிதத்தாள் வெளியே போகக்கூடாதாம். டில்ஹானி என்று ஒரு தாதிப் பிள்ளை இதைத் தன் போனில் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்கிறாள். எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கருவியை மாட்டியபோது முதல் நாள் தொண்ணூற்றுநான்கு. அடுத்த நாள் தொண்ணூற்றிரண்டு. அதற்கடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டுப் பார்த்தேன், எண்பத்தெட்டு. கருவி பழுதோ என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன். எனக்குத் தொண்ணூற்றெட்டு காட்டியது.

வாப்பாவிடம் கேட்காதே என்றீர்கள். என்னால் முடியவில்லை. கேட்டேன். கருவியைக் கழற்றி என் கையில் வைத்தார். பிறகு, "என்னய உசிரோட வெச்சிருக்க எண்டா கூப்பிடு மகள். மையத்தாக் குடுக்க எண்டா கூப்பிடாத" என்றார். உயிரோடு வைத்திருக்கத்தான் வாப்பா என்று சொன்னேன். ஐறீன் அக்காவின் போனை வாங்கி அடித்தேன்.

வெள்ளை உடுப்புப் போட்டு ரெண்டு பேர் வந்தார்கள். தோட்டமே கதவிடுக்கால் பார்த்தது. வாப்பா தானே நடந்து போகிறேன் என்று எழும்பினார், வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தூக்கினார்கள். தொப்பி விழுந்துவிட்டது. எடுத்துக் கொடுக்க என்னைக் கிட்டப் போக விடவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதற்கு, பிறகு சொல்வோம் என்றார்கள். தொடர்புக்கு உங்கள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். வாப்பா எப்படி இருக்கிறார்? எழுதி அனுப்புங்கள். டில்ஹானி காட்டுவாள்.

மஸாஹிரா


வெள்ளவத்தை
14.12.2020

அன்புத் தங்கை மஸாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் எழுத்தைக் கண்டதே பெரிய நிம்மதி. நன்றாகச் சாப்பிடு. ருசி இல்லாவிட்டாலும் விழுங்கு.

ஷிம்னா படிக்கிறாள். போன மாதக் கடைசியில் மற்ற மாகாணங்களில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள், எங்களுக்குத்தான் இன்னும் இல்லை. கைகழுவும் தொட்டி கட்டி முடிந்தது. காலால் மிதித்தால் தண்ணீர் வரும். சிவக்கொழுந்து மிஸ் அதை மிதித்துப் பார்த்து, சாரி எல்லாம் நனைத்துக்கொண்டா. கருவி விஷயத்தைச் சொன்னேன். "பாவிச்சு முடிஞ்சதும் கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னா. நல்ல மனுஷி. வகுப்பறைகளில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறோம். பரீட்சை மார்ச் முதலாம் திகதி என்று முடிவாகியிருக்கிறது. ஷிம்னாவுக்குச் சித்திரப் பாடத்துக்கு நிறப்பெட்டி வாங்கினேன்.

வாப்பாவை ஆஸ்பத்திரியில் கவனமாகப் பார்த்தார்கள். நீ உன் உடம்பைப் பார்.

உன் ராத்தா,
பைறோஸா


17.12.2020

ராத்தா,

பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கிறார்கள் என்று எழுதவில்லை.

நீங்கள் தமிழ் படிப்பிக்கிறவர். பிழையாக எழுதமாட்டீர்கள்.

மஸா


வெள்ளவத்தை
18.12.2020

என் மஸாவுக்கு,

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

போன சனிக்கிழமை விடியற்காலை. மூச்சுக்குழாய் போட்ட பிறகு அவர் கண் திறக்கவில்லையாம். டொக்டர் ஒரு பெண் பிள்ளை. தமிழில் சொல்ல முயன்று, முடியாமல் சிங்களத்தில் சொல்லி அழுதாள். நீ அந்த நிலையத்தில் தனியாக இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று மறைத்தேன். ஆறு நாள் உனக்குத் தெரியாமல் நான் மட்டும் அழுதேன்.

இனி ஒன்றையும் மறைக்கவில்லை. பெட்டி கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுங்கள், தகனம் செய்ய வேண்டும் என்றார்கள். உன் மச்சான் போனார். கையெழுத்துப் போடமாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார். எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் நிற்கிறார்கள். எல்லாருக்குமாக ஒரு சட்டத்தரணி கோர்ட்டில் பேசுகிறார். வாப்பா இப்போது ஆஸ்பத்திரிப் பிரேத அறையில், ஐஸில் இருக்கிறார். யாரும் பொறுப்பெடுக்காவிட்டால் தாங்களே எரித்துவிடலாம் என்று அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதாம். என்றைக்கு என்று சொல்லமாட்டார்கள். போன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் என் கை எடுக்க மறுக்கிறது.

ஷிம்னாவுக்குச் சொல்லிவிட்டேன். பல்கனியில் போய் இருந்துகொண்டாள்.

அனுப்பு என்று சொன்னது நான். நீ அல்ல. அதை மட்டும் நீ மறக்காதே.

ராத்தா


வெள்ளவத்தை
22.02.2021

அன்பு மஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரெண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. போன் எடுத்தால், துறைமுகத்தில் இருந்து வந்துவிட்ட உன் மாப்பிள்ளை பௌஸிதான் பேசுகிறார். நீ வீட்டுக்கு வந்து சுகமாக இருக்கிறாய் என்று அவர் சொல்லித்தான் தெரியும். உன் கோபத்துக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. பரீட்சை முடியும்வரை ஷிம்னா இங்கேயே இருக்கட்டும் என்று விட்டாயே, அது எனக்குப் பெரிய விஷயம். வாப்பாவின் மையத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கிழமையும் உன் மச்சான் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.

இன்று காலை நடந்ததை பௌஸிக்குப் போனில் சொல்லிவிட்டேன். உனக்கு நானே எழுத வேண்டும்.

ஜனவரிக் கடைசியில் ஓ.எல். வகுப்புக்கு மட்டும் பள்ளிக்கூடம் திறந்தார்கள். கேற்றில் நான்தான் வெப்பமானியோடு நிற்கிறேன். ஷிம்னா எனக்கு முன்னமே வந்து தோழிகளோடு வரிசையில் நின்றாள். அவள் நெற்றிக்குப் பிடித்தேன். சிவப்பு எரிந்தது. மறுபடி பிடித்தேன். அதேதான். பின்னால் நின்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவளைக் கையால் தொடாமல் நோயாளர் அறைக்குக் கூட்டிப்போனேன். நான் போட்ட கட்டிலில் என் தங்கை பிள்ளைதான் முதலில் உட்கார்ந்தாள்.

"பெரியும்மா, யாருக்கும் செல்லாதீங்க. வீட்டுக்குப் போவோம். பனடோல் குடிச்சாச் சரி" என்றாள். நான் போனைக் கையில் எடுத்ததும் கட்டிலில் இருந்து இறங்கி என் காலைப் பிடித்தாள். "மூத்தவாப்பாவ அனுப்பினீங்க. இப்ப என்னயும் அனுப்பப் போறீங்களா? எக்ஸாமும் இல்ல, ஒண்டுமில்ல. நானும் திரும்பி வரமாட்டன்."

மஸா, அறைக் கதவு சாத்தியிருந்தது. எங்கள் இருவரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவளை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். வெளியே அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் கைகழுவிக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. அதில் ஹம்சிகாவின் சிரிப்பும் இருந்தது. ஷிம்னாவின் பக்கத்து மேசைக்காரி, மூச்சிழுப்பு உள்ள பிள்ளை.

பீஎச்ஐக்கு அடித்தேன்.

அம்புலன்ஸ் வரும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் பிள்ளையை உன்னைக் கேட்காமல் அனுப்பிவிட்டேன். நோயோடு இருக்கும் பிள்ளைகளுக்குத் தனிப் பரீட்சை மண்டபம் வைப்பதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. நடக்குமா என்று எனக்குத் தெரியாது. என்னையும் மச்சானையும் வீட்டுக்குள் பூட்டிவிட்டார்கள். நான் செய்தது சரி என்று உன்னிடம் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

ராத்தா


கொட்டாஞ்சேனை
11.03.2021

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மச்சானும் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் தனிமைப்படுத்தலில் இருந்து வெளியே வந்துவிட்டீர்கள் என்று இவர் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் கடிதங்களை நான் உடைக்கவே இல்லை. ஷிம்னாவைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று இவர் போனைக் காதில் வைத்தபடி சொன்ன அன்று நான் போட்ட சத்தத்துக்கு ஐறீன் அக்கா ஓடி வந்தா. உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லாத வார்த்தை இல்லை. அடுத்த நாளும் அதேதான். அதற்குப் பிறகு அங்கேயிருந்து டொக்டர் எடுத்தார். ஷிம்னாவுக்கு லேசாகத்தான், பயப்பட வேண்டாம் என்றார். அவள் வகுப்பையே சோதித்ததில் இன்னும் நாலு பிள்ளைகளுக்கு இருந்ததாம். அந்த ஹம்சிகாவுக்குக் காய்ச்சல்கூட இல்லை. ஆனால் விரலில் மாட்டிப் பார்த்தால் குறைந்துகொண்டு போயிருக்கிறது. உடனே ஒட்சிசன் வைத்தார்கள். வீட்டில் இருந்திருந்தால் பிள்ளை தூக்கத்திலேயே போயிருக்கும் என்றார். அன்றைக்குத்தான் உங்கள் கடிதங்களை உடைத்தேன்.

பரீட்சை நடந்தது ராத்தா. அவர்கள் இருந்த இடத்திலேயே ஒரு மண்டபம். ஷிம்னா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். மேற்பார்வை செய்த சேர் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு வந்து, வேர்த்து ஒழுகி, கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து, வினாத்தாளைத் தலைகீழாகக் கொடுத்தாராம். விடைத்தாளைப் பொலித்தீனில் போட்டு மருந்து அடித்தார்களாம். ஹம்சிகா பக்கத்தில் சிலிண்டரோடு எழுதியிருக்கிறாள். பிந்திய பாடங்களை ஷிம்னா பள்ளிக்கூடத்திலேயே எழுதினாள். நேற்று முடிந்தது. இப்போது என் பக்கத்தில் தூங்குகிறாள்.

வாப்பாவை அடக்கிய நாள் நீங்கள் பூட்டிய வீட்டுக்குள் இருந்தீர்கள். மச்சானாலும் போக முடியவில்லை. இவர் துண்டு துண்டாகச் சொன்னதை உங்களுக்காகச் சேர்த்து எழுதுகிறேன்.

அடக்கலாம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டதும் பிரேத அறையில் இருந்து கூப்பிட்டார்கள். அடையாளம் காட்ட நானும் போனேன். முகம் மட்டும் திறந்தார்கள். நெற்றியில் தொழுகைத் தழும்பு அப்படியே இருந்தது. வேறு ஒன்றும் நான் பார்க்கவில்லை, பார்க்க விடவும் இல்லை. ஆமி வாகனம் முன்னால் போக, ஓட்டமாவடிக்குக் கொண்டுபோனார்கள். மட்டக்களப்புப் பக்கம், காடு மாதிரி ஒரு வெளி, காற்று அடித்துக்கொண்டே இருந்ததாம். குழி மெஷினால் வெட்டியது. குளிப்பாட்ட விடவில்லை. பெட்டியை முன்னால் வைத்துத் தொழுதார்கள். தொழுவித்தவர் அந்த ஊர்க்காரர், வாப்பாவை ஒரு நாளும் கண்டிராதவர். துஆவில் வாப்பாவின் பெயரை இரண்டு தடவை சொன்னாராம். இவரைத் தூரத்தில்தான் நிற்க வைத்தார்கள். ஒரு ஆமிப் பையன் கையைக் காட்டிக் கூப்பிட்டு, "என்ட அய்யே", வாங்க அண்ணன் என்று சிங்களத்தில் சொல்லி இடம் விட்டானாம். இவர் போய் மண் போட்டார்.

உம்மாவுக்குப் பக்கத்தில் இல்லை. கப்றுக்கும் கப்றுக்கும் இடையில் இந்த நாடே கிடக்கிறது. என்றாலும் மண் ராத்தா. மண்தான்.

நாளை வெள்ளிக்கிழமை. இவர் ஜும்ஆவுக்குப் போன பிறகு நானும் ஷிம்னாவும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருகிறோம். ஷிம்னா உங்களிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம், என்னிடம் சொல்லமாட்டாளாம்.

நோய்க்குப் பயந்தேன், அம்புலன்ஸுக்குப் பயந்தேன், நெருப்புக்குப் பயந்தேன். இன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்றாலும் வருகிறோம்.

உங்கள் தங்கை,
மஸா